பார்த்துப் பழகுவோம்



கடைக்குப் போகிறவன் கையில் ஒரு பையும், பையில் சிறிது பணமும், மனத்தில் ஒரு பட்டியலும் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. இம்மூன்றும் இல்லாமல் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒரு கடைக்குப் போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் நான். என் வீட்டார் இதை எண்ணி நகைப்பதுண்டு. அவர்கள் நகைப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைக்கும் இன்பம் எத்தகையது, அதன் பின்னே இருக்கும் பழைய கதை ஒன்று என்ன என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தலைமையாசிரியர் பணியிலிருந்து 2019ஆம் ஆண்டில் நான் ஓய்வு பெற்றேன். வட சென்னையில் பெரம்பூரில் என் வீடு. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்ற இடம். அங்கே மீன்களோடு பறவைகளும் முயல்களும் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற புதிதில், மாலை நடையின்போது அதன் வாயிலில் ஒருநாள் தற்செயலாக நின்றேன். அடுத்த வாரமும் நின்றேன். முதல் சில வாரங்கள் கடைக்கார இளைஞர், “சார், என்ன எடுக்கட்டும்?” என்று கேட்டார். இரண்டு மாதம் சென்றபின் அக்கேள்வியை விட்டுவிட்டார். மூன்றாம் மாதம் எனக்கென்று ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். விலை கொடுத்து வாங்காதவனுக்கு ஒரு கடையில் கிடைக்கக்கூடிய மரியாதை இதற்கு மேல் வேறு என்ன இருக்க முடியும்?

அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். முதலில், சிறு கண்ணாடிக் குடுவையில் தனியே இருக்கும் ‘ஃபைட்டர்’ மீனைச் சொல்கிறேன். தாய்லாந்து நாட்டின் வயல் நீரும் சதுப்பு நீரும் இதன் முன்னோர்களின் இருப்பிடம். மற்ற மீன்களைப் போலச் செவுள்களால் மூச்சு விடுவதோடு, நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் நேராக உட்கொள்ளும் தனி உறுப்பு இதன் தலையில் உண்டு. ஒருமுறை பார்ப்பவருக்கு இதன் நீலமும் சிவப்பும், பட்டுத் துணிபோல் விரியும் துடுப்புகளுமே தெரியும். அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தபோதுதான் எனக்கு வேறொன்று தெரிந்தது. நீரின் மேற்பரப்பில் ஓரமாக, கடுகளவான குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டி மிதந்தன. சோப்பு நுரை என்று முதலில் எண்ணினேன். அது அந்த ஆண் மீன் கட்டிய கூடு. வாயால் காற்றை எடுத்து, உமிழ்நீரில் பொதிந்து, குமிழி குமிழியாக வைத்து அது கட்டுகிறது. பெண் மீன் இடும் முட்டைகளை வாயால் எடுத்து அக்கூட்டில் சேர்ப்பதும், குஞ்சு பொரியும்வரை காவல் நிற்பதும் தந்தையின் வேலை. கடைக் குடுவையில் பெண் மீன் ஏது? இருந்தும் அது கூடு கட்டுகிறது. கடைக்காரர் நீர் மாற்றும்போது கூடு கலைந்து போகிறது. மறுவாரம் பார்த்தால் மறுபடியும் கட்டியிருக்கிறது.

அடுத்த தொட்டியில் கப்பி மீன்கள். 1866ஆம் ஆண்டில் டிரினிடாட் தீவிலிருந்து இவற்றை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பெயரையே இவை தாங்கியிருக்கின்றன. முட்டையிடாமல் குட்டி போடும் மீன்கள் இவை. கொசுப் புழுவைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளில் விடப்பட்ட மீன்களுள் இவையும் உண்டு. அதற்கும் அப்பால், செந்நிறக் கோடு பக்கவாட்டில் ஓட, அதன் கீழே கருங்கோடு நீளும் ‘மிஸ் கேரளா’ மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய இந்த மீனுக்கு அறிவியலார் இட்ட பெயரில் டெனிசன் என்ற பெயர் இருக்கிறது. அவர் 1861 முதல் 1866 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர். அழகினாலேயே இந்த மீனுக்குக் கேடு வந்தது. கண்ணாடித் தொட்டிகளுக்காக ஆறுகளிலிருந்து அளவின்றி அள்ளப்பட்டு, இயற்கையில் அருகிப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. இப்போது பண்ணைகளிலும் இதனை இனப்பெருக்கம் செய்கிறார்கள்.

மீனுக்கு அறிவு உண்டா என்று வகுப்பில் மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. தேனீக்களின் நடனமொழியை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு அரை நூற்றாண்டு முன்னதாக ஒரு கெளுத்தி மீனைப் பழக்கினார். சீட்டி அடித்து உணவு கொடுத்தார். நாளடைவில் சீட்டி ஒலி கேட்டதும், உணவு வருமுன்பே, அந்த மீன் தன் மறைவிடத்திலிருந்து வெளியே வந்தது. மீன்களுக்குக் காது கேளாது என்று எண்ணியிருந்த காலத்தில், மீனுக்கும் செவிப்புலன் உண்டு என்பதை இந்த எளிய சோதனையால் அவர் காட்டினார். கடையில் நான் முக்காலியில் அமர்ந்ததும் தங்க மீன்கள் கண்ணாடிக்கு அருகே கூடுவதை இப்போது நான் வியப்பதில்லை. மனித உருவம் நின்றால் உணவு விழும் என்று அவை கற்றிருக்கின்றன. என்மேல் உள்ள அன்பு என்று நான் ஏமாறுவதும் இல்லை!

பறவைக் கூண்டுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம்மவர் அழைக்கும் சிறு கிளிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், மழை பெய்யும் இடம் தேடிப் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் இனம் அது. இயற்கையில் அவற்றின் நிறம் பச்சையும் மஞ்சளுமே. நீலமும் வெள்ளையும் மனிதர் வளர்ப்பில் தோன்றியவை. அலகுக்கு மேலுள்ள சதைப் பகுதி பெரும்பாலும் ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். இதை ஒருமுறை அறிந்துகொண்டால், அதுவரை ஒரே கூச்சலாக இருந்த கூண்டு ஒரு குடும்பமாக மாறிவிடும். யார் யாருக்கு ஊட்டுகிறார், யார் யாரை விரட்டுகிறார், யார் எவருடைய தலையைக் கோதிவிடுகிறார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

மூலையில் மரத்தூளுக்குள் பந்துபோல் சுருண்டு உறங்குகிறது ஒரு பொன்னிற ஹாம்ஸ்டர். 1930ஆம் ஆண்டில் சிரியா நாட்டின் அலெப்போ நகருக்கு அருகே, ஒரு வயலின் வளையிலிருந்து ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் தோண்டி எடுத்தார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய அனைத்தும் அந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவை. இது இரவில் உலவும் விலங்கு. பகலில் கண்ணாடியைத் தட்டி இதை எழுப்பும் சிறுவர்கள், நள்ளிரவில் தம்மை எழுப்பினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஒரே நாளில் நான் கண்டவை என்று எண்ணாதீர்கள். பயிற்சிக் கல்லூரியில், “தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க” என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். உயிர்களைப் பொறுத்தவரை, ஒன்றைத் தெரிந்தது என்று சொல்வதற்கே பல சனிக்கிழமைகள் வேண்டும் என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகே கற்றேன். முதல் நாள் நிறம் தெரிகிறது. மூன்றாம் வாரம் பழக்கம் தெரிகிறது. மூன்றாம் மாதம், அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்பது சிறிது சிறிதாகத் தெரியத் தொடங்குகிறது.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதுதான் முதலில் குறிப்பிட்ட பழைய கதை.

1971ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. சிவந்த நிறத்துப் பெரிய கட்டடம். பழைய புத்தகங்களுக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ, பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் அவ்வளவு பெயர் பெற்றது. என் தந்தையார் மாதம் ஒருமுறை அங்கே புத்தகம் பார்க்கப் போவார். அவர் புத்தகங்களைப் புரட்டும் நேரமெல்லாம் நான் கூண்டுகளின் முன் நிற்பேன். புறாக்கள், முனியாக்கள், மைனாக்கள், முயல்கள்! அந்த வாடையும் ஒலியும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. ஒருநாள் பிடிவாதம் செய்து ஒரு பச்சைக்கிளியை வாங்கிக்கொண்டேன். கழுத்தில் வளையம் இன்னும் தோன்றாத இளங்கிளி. உள்நாட்டுக் கிளியை விற்பதையோ வளர்ப்பதையோ அந்நாளில் எவரும் தவறாகக் கருதவில்லை.

மூன்று மாதம் அது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கியது. கொய்யாப்பழமும் மிளகாய்ப்பழமும் கொடுத்தேன். என் பெயரைச் சொல்லப் பழக்கினேன்; அது சொல்லவில்லை. பின்னர் ஒருநாள் பள்ளியில் எங்கள் ஆசிரியர், எல்லா உயிருக்கும் விடுதலை இனியது என்று உருக்கமாகப் பாடம் நடத்தினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் எவரிடமும் சொல்லாமல் கூண்டை மாடிக்கு எடுத்துச் சென்று கதவைத் திறந்துவிட்டேன். கிளி மெல்ல வெளியே வந்தது. அலகால் பற்றிக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறியது. அந்த வேளையில் வானத்தில் கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போயிற்று. என் கிளியும் ஒரு குரல் கொடுத்து எழும்பியது. எழும்பியது மேலே போகவில்லை. சுழன்று சுழன்று பின்புறச் சந்தில் விழுந்தது. நான் படியிறங்கி ஓடிச் செல்வதற்குள் ஒரு பூனை அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

தந்தையார் என்னை அடிக்கவில்லை. சந்தில் கிடந்த இறகு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் நுனி கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. “பறந்து போகாமலிருக்கச் சிறகை வெட்டி விற்றிருக்கிறான். புது இறகு முளைக்கப் பல மாதம் ஆகும். அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லையே, அப்பா” என்றார்.

மூன்று மாதம் அந்தக் கிளி என்னுடையதாக இருந்தது. அந்த மூன்று மாதத்தில் ஒருநாளாவது அதன் சிறகை நான் உற்றுப் பார்த்ததில்லை. எனக்கு அன்பு இருந்தது, இரக்கமும் இருந்தது, உறக்கம் இழக்கும் அளவுக்கு இருந்தது. பார்வை மட்டும் இல்லை. பார்வை இருந்திருந்தால் இன்னும் சில மாதம் காத்திருந்திருப்பேன், அல்லது அறிந்தவரைக் கேட்டிருப்பேன். அன்பு ஒன்றே போதும் என்று எவரேனும் சொல்லக் கேட்டால், அந்த வெட்டுப்பட்ட இறகுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் நம் நாட்டுக் கிளி, மைனா, முனியா முதலியவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிவிட்டன. நட்சத்திர ஆமைக்கும் அதே காப்பு உண்டு. பிராணிகள் விற்கும் கடைகள் பதிவு பெறவேண்டும் என்றும், இடவசதி, நீர், காற்று, மருத்துவம் இவற்றில் இன்னின்ன ஒழுங்குகள் வேண்டும் என்றும் 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. ஆகவே, ஒரு கடையில் பச்சைக்கிளி விற்பனைக்கு இருக்கக் கண்டால், அது மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழவேண்டா. அது சட்டத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்டது என்று அறிந்து, வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.

நான் செய்த பிழையை இன்று வேறு உருவில் பலர் செய்கிறார்கள். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ மீனை வாங்குகிறார்கள். விரல் நீளம் இருந்தது முழ நீளம் வளர்ந்ததும், கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, உள்நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் பறிக்கிறது. மீனவர் வலையையும் கிழிக்கிறது. காதருகே செந்நிறப் பட்டை உடைய அமெரிக்க ஆமையின் கதையும் இதுவே. விட்டவர் நெஞ்சில் இரக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாங்கும் முன்பு, அது எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டு வாழும் என்று அவர் கேட்கவில்லை. உருண்டைக் கிண்ணத்தில் விற்கப்படும் தங்க மீன்கூட, நல்ல தொட்டியில் பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. கிண்ணத்திலோ பல சமயம் சில வாரங்களே வாழ்கிறது.

தவறாமல் வந்து பார்க்கிறவனுக்குச் சிறிய கடமை ஒன்றும் சேர்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒருநாள், முயல் கூண்டின்மேல் மேற்கு வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. முயல்கள் காதுகளைத் தளரவிட்டு, பக்கவாட்டில் படுத்து வேகமாக மூச்சு வாங்கின. முயல் நம்மைப் போல் வியர்த்துக் குளிர்கிற பிராணி அன்று. வெப்பத்தைப் பெரிதும் காதுகளின் வழியே வெளிவிடுவது. முந்தைய வாரங்களில் அவற்றின் துள்ளலைப் பார்த்திருந்தேனாதலால் வேறுபாடு எனக்கு உடனே தெரிந்தது. “தம்பி, கூண்டை இந்தப் பக்கம் நகர்த்தலாமா?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “சாருக்கு வேலை இல்லை என்று நினைத்தேன், எங்களுக்கு வேலை வைக்கிறீர்கள்” என்று சிரித்தபடியே நகர்த்தி, ஈரச் சாக்கையும் மேலே போட்டார். கால் மணி நேரத்தில் முயல்கள் எழுந்து உட்கார்ந்தன. அவர் கொடியவர் அல்லர். நாளெல்லாம் வேலை செய்பவர் கண்ணில் படாதது, சும்மா இருப்பவன் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இனி என் பேத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற தை மாதம் என்னோடு கடைக்கு வந்தவள், நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்றைக் கண்டு, “தாத்தா, இது வேண்டும்” என்றாள். விலை சொற்பம். மறுக்கவும் எனக்கு மனம் இல்லை. வாங்கவும் மனம் இல்லை. “எட்டுச் சனிக்கிழமை என்னோடு வா. பார்ப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது. எட்டாம் வாரம் நீயே முடிவு சொல், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்” என்றேன். முகம் சுளித்தாள்; ஆனாலும் வந்தாள்.

முதல் வாரம் அவள் நோட்டில் “நீலம், அழகு” என்ற இரு சொற்கள் இருந்தன. மூன்றாம் வாரம், “வாலின் நுனி கிழிந்திருக்கிறது, ஏன்?” என்று எழுதினாள். நான்காம் வாரம் குமிழிக் கூட்டைக் கண்டுபிடித்தாள். ஐந்தாம் வாரம் அது கலைந்திருப்பதைக் கண்டு கலங்கினாள். ஆறாம் வாரம் கடைக்காரரிடம் அவளே சென்று, “அண்ணா, இதற்கு இந்தக் குடுவை போதுமா?” என்று கேட்டாள். அவர் உண்மையைச் சொன்னார். “விற்கும்வரைதான் பாப்பா குடுவை. வீட்டில் வைப்பதென்றால் தொட்டி வேண்டும்; தொட்டியும் முதலில் பழக வேண்டும்” என்றார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும் என்பதையும், அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்காமல் ஊற்றலாகாது என்பதையும் விளக்கினார். வேதியியல் வகுப்பில் இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

எட்டாம் சனிக்கிழமை அவள் தன் முடிவைச் சொன்னாள். “முதலில் தொட்டி வாங்கலாம், தாத்தா. மீன் அப்புறம்.”

இப்போது எங்கள் வீட்டு மேசையின்மேல் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் நீர் இருக்கிறது. சிறிது கூழாங்கல் இருக்கிறது. நுண்ணுயிர்கள் விரைவில் பெருகுவதற்காகக் கடைக்காரர் தம் பழைய தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த பஞ்சுத் துண்டும் இருக்கிறது. மீன் இல்லை. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை அந்த வெறுந் தொட்டியில் போடுகிறாள். அது மட்கி அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகும் என்று தெரிந்துகொண்டு போடுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், “மீன் எங்கே?” என்று கேட்கிறார்கள். “இன்னும் நாங்கள் தயாராகவில்லை” என்கிறாள்.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி, மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன் என்று நாம் பள்ளியில் படிக்கிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்போரும் உண்டு. ஆயினும் பேகன் அந்த மயிலைப் பிடித்துவந்து அரண்மனைக் கூண்டில் அடைக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அது இருந்த இடத்திலேயே அதைக் கண்டு மகிழ்ந்தான்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கடை இருக்கும். அல்லது ஒரு குளக்கரையோ, குருவி கூடு கட்டும் ஒரு சுவரோ இருக்கும். ஒருமுறை அல்ல, எட்டு முறை போய்ப் பாருங்கள். ஒரே உயிரைப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். அதற்குப் பிறகும் வளர்க்க வேண்டும் என்று தோன்றினால், அதற்கு வேண்டியதை முதலில் ஆயத்தம் செய்யுங்கள். வரும் சனிக்கிழமையும் நானும் என் பேத்தியும் கடைக்குப் போகிறோம். நீல மீன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்களுக்காக அதை விற்காமல் வைத்திருக்கிறார் கடைக்காரர். அதனை ஒரு பெரிய தொட்டிக்கும் மாற்றியிருக்கிறார். அதில் அது மறுபடியும் கூடு கட்டத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.